சம்பந்தி என் மடியில் வைத்துவிட்டுப் போன பை

காப்பிப்பொடி நிறத்தில் ஒரு ரெக்சின் பை. அதன் ஜிப் முக்கால் தூரம் நன்றாக ஓடும், மிச்சக் கால் தூரத்தில் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அந்த இடத்தை ஓர் ஊக்கு போட்டு மூடியிருக்கும். என் சம்பந்தியம்மாவை, அதாவது என் மகளின் மாமியாரை, முதன்முதலில் பார்த்த நாளில் அவர் முகத்தைவிட அந்தப் பையைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குக் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர், காப்பி குடிக்கும்போதுகூட பையை மடியை விட்டு இறக்கவில்லை. "இங்கிட்டு வைங்க சம்பந்தி. எங்க வீட்டுல திருட்டுக்கை எனக்கு மட்டுந்தான், நான் இந்தா உங்க கண்ணு முன்னாடியேதான இருக்கேன்" என்றேன். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். இப்போது என் வீட்டு ஆணியிலும் ஒரு பை தொங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகள் இருவரும் கல்லூரியில் பார்த்துப் பழகி, அவர்களே முடிவு செய்த கல்யாணம். பெரியவர்களுக்கு மிச்சமிருந்த வேலை ஒருவரையொருவர் சந்தேகப்படுவதுதான். அதை நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். அவர் சின்னாளபட்டியில் நெசவு வீட்டில் பிறந்தவர். நாங்கள் மல்லிகைத் தோட்டக்காரர்கள். பூக்கட்டும் இடத்தில் கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அதனால் நாலு பெண்கள் உட்கார்ந்தால் நாலு ஊர்க் கதையும் அங்கே வந்து சேரும். தறி ஓடும் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் பேச்சே கேட்கும். அப்படிக் கத்திப் பேசுவதற்குத் தகுந்த சங்கதி எதுவும் உலகத்தில் இல்லை என்று சம்பந்தியம்மா சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. நான் அப்போது அப்படி நினைக்கவில்லை. பேசாதவள் எதையோ ஒளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு அம்மாக்களையும் எப்படியாவது ஒட்ட வைத்துவிடலாம் என்று மருமகன் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அனுப்பி வைத்தார். உளவுப் படம். வெளிநாட்டில் வேலை செய்யும் ஐந்து உளவாளிகள், அவர்களுக்கு மேலே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். ஐந்து பேரின் பெயரையும் யாரோ எதிரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். யார் என்று தெரியவில்லை. விளக்கு அணைந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. சம்பந்தியம்மா பேசினார். "அந்தச் சிரிச்ச மூஞ்சிக்காரனப் பாருங்க" என்று என் காதருகே சொன்னார். கதாநாயகனின் சிநேகிதன் அவன், சதா தமாஷ் பேசிக்கொண்டு திரிபவன். "அவென் வாயில ஒண்ணும் நிக்காது." எனக்குச் சுருக்கென்றது. "இல்ல சம்பந்தி, அந்த வெள்ளச் சட்டதான். நல்ல மனுசன் எவனாச்சும் சிரிக்காம இருப்பானா" என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். இருவரும் திரையைப் பார்த்தபடி ஒருவரையொருவர் நன்றாகத் திட்டிக்கொண்டோம். இடைவேளையில் அவர் பாத்ரூம் போனார், பையையும் எடுத்துக்கொண்டு. "நான் வச்சிருக்கேனே" என்றேன். "வேணாம், கனக்கும்" என்றார். வீடு போய்ச் சேரும்வரை அதில் என்ன கனக்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிவில் கதாநாயகன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தான். காட்டிக்கொடுத்தது யார் என்று சொல்லாமலே விளக்கைப் போட்டுவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இருட்டில் பேசிப் பழகிய சம்பந்தியம்மா அதற்குப் பிறகு வெளிச்சத்திலும் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். படத்தைப் பற்றி மட்டும். "நானும் ரோசிச்சுப் பாத்தேன் சம்பந்தி, அந்தாளு போன வச்சப்ப இடது கையால வச்சான்" என்பார். நான் அதற்கு ஒரு காரணம் சொல்வேன். இப்படியே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டினோம். கார் பறப்பதும் கப்பல் வெடிப்பதும் எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை, அந்த நேரத்தில்தான் நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பேன். ஒருத்தன் சிரித்துப் பேசிக்கொண்டே எதிரில் இருப்பவனை அளக்கிறானே, அதுதான் பிடித்திருந்தது. வேற்று வீட்டுக்குக் கல்யாணமாகிப் போன எந்தப் பெண்ணுக்கும் அந்த வேலை தெரியும். எந்தக் கதவு சத்தம் போடும், மாமனாரின் எந்த இருமல் காப்பிக்கு, எது கோபத்துக்கு, யாரிடம் சொன்னால் அது எந்தத் தெருவில் போய் நிற்கும் என்று ஆறு மாதத்தில் படித்துவிடுவாள். துப்பாக்கி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் பாகம் என்றால் ருசி இன்னும் கூடுதல். முதல் பாகத்தில் முன்பின் தெரியாதவர்களைச் சந்தேகப்படுகிறோம். அடுத்தது வருவதற்குள் அவர்கள் நமக்கு உறவாகிவிடுகிறார்கள். உறவுக்காரர்களைச் சந்தேகப்படும் சுகமே தனி, ஆதாரத்துக்குப் பஞ்சமே வராது.

அந்த ஒன்றரை வருடத்துக்குள்தான் மகள் முதல் தடவை முழுகாமல் இருந்தாள். இரண்டாம் மாதத்திலேயே எனக்குப் போனில் சொன்னாள். "யாருட்டயும் சொல்லிராதம்மா" என்றும் சொன்னாள். நான் சொல்லவில்லை. பூக்கட்ட வந்த எதிர்வீட்டு மதினியிடம் மட்டும்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பூ மார்க்கெட்டுக்கே தெரிந்திருந்தது. பூ ஏற்றிப்போகும் வேன் டிரைவர் திண்டுக்கல்லில் என் மருமகனைப் பார்த்து வாழ்த்துச் சொன்னாராம். அடுத்த மாதமே அது தங்காமல் போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை, சிலருக்கு இப்படி ஆவதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். மகளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தேறுவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தபோது ஒருநாள் கடைக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "எத்தனாவது மாசம்னு கேக்குறாங்கம்மா. பஸ் ஸ்டாப்புல ஒருத்தி, கடையில ஒருத்தி. ஒவ்வொருத்திட்டயும் போயிருச்சு போயிருச்சுன்னு சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு ஒருதடவதான் போச்சு, உன்னால இருவது தடவ போகுது" என்றாள். உன்னால என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளே அதைக் கேட்டாள் போலிருக்கிறது. உடனே உள்ளே போய்விட்டாள். 

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி போய்வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பூ வேனில் நான் குழம்போ பொரியலோ ஏதாவது வெஞ்சனம் வைத்து அனுப்புவேன். வேன் திரும்பும்போது அங்கிருந்து ஒரு பலகாரம் வரும். காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது, அனுப்பினால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். சரக்கு வேனில் குலுங்காமல் இருக்க மூடியை நூலால் கட்டி அனுப்புவது வழக்கம். என் மகள் கட்டினால் அது பூக்கட்டும் முடிச்சு. அதுவும் அவள் இடக்கைக்காரி, கண்ணி இடப்பக்கம் விழும், ஒரு நுனியை இழுத்தால் சொன்னபடி அவிழும். நூறு பேர் கட்டிய சரத்தில் அவள் கட்டிய முழத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த முடிச்சு அவிழவில்லை. மிளகு அளவுக்குச் சின்னதாய், தட்டையாய், கல்லு மாதிரி இருந்தது. பாவு நூல் அறுந்தால் நெசவு வீட்டில் போடுகிற முடிச்சு. அதை அவிழ்க்க முடியாது. அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். சரி, மகளுக்கு அன்றைக்கு வேலையாக இருந்திருக்கும். அடுத்த வெள்ளியும் அதே கல்லு முடிச்சு. அதற்கடுத்த வெள்ளியும். மகளுக்குப் போன் செய்தால் சம்பந்தியம்மா எடுத்தார்.

"எம்மக எங்க சம்பந்தி?"

"படுத்திருக்கு."

"பகல் பதினோரு மணிக்கா?"

"வெயிலுல்ல."

அது மார்கழி மாதம்.

மகளே பேசினால் "நல்லாருக்கேன்மா, நல்லாருக்கேன்மா" என்று இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நான் வாரேன் என்றால், "இப்ப வராதம்மா, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்" என்றாள். இரண்டு அறை வீட்டுக்கு ஐந்து வாரமாக வெள்ளையடித்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. புருஷனும் பொண்டாட்டியும் சண்டையோ, மகளுக்கு ஏதாவது நோயோ, இல்லை அந்தப் பேசாத மாமியார்தான் அவளைப் பேசவிடாமல் வைத்திருக்கிறாரோ. எதிர்வீட்டு மதினி எரிகிற அடுப்பில் விறகு வைத்தாள். "மக தூங்குதுன்னு மாமியா சொன்னா, மாமியா முழிச்சிருக்கான்னு அர்த்தம். என்னன்னு போய்ப் பாரு." சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது என்று நான் சேலையெல்லாம் எடுத்து வைத்துவிட்ட நேரத்தில் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார்.

"ரெண்டாம் பாகம் வந்திருச்சு. ஞாயித்துக்கெழம வாரீங்களா?"

"மகளையும் கூட்டிட்டு வாங்க."

"அதுக்கு இந்தப் படமெல்லாம் புடிக்காது. மகென் வீட்டுல இருப்பான், பாத்துக்குருவான்."

பார்த்துக்கொள்வானாம். நல்லா இருக்கிற பொம்பிளையை எதற்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்? பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். படத்துக்குப் போவது, இடைவேளையில் நிறுத்திக் கேட்பது, பதில் வராவிட்டால் அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேரே நாகல் நகர். இதுதான் என் திட்டம்.

படம் தொடங்கி அரைமணி நேரம் இருக்கும். சம்பந்தியம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கதாநாயகன் ஆற்றிலிருந்து பிழைத்து வந்து, வெள்ளைச் சட்டைப் பெரியவரை ஒளிந்திருந்து வேவு பார்க்கிறான். நானும் பக்கத்து இருக்கையை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் எழுந்தார். "செத்த நேரம் வச்சிருங்க, பாத்ரூம் போய்ட்டு வாரேன்" என்று பையை என் மடியில் வைத்துவிட்டு நடந்துவிட்டார். கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில்கூட இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்ட பை. கை தானாக ஜிப்பிடம் போனது. ஊக்கு போட்டிருக்கவில்லை.

மேலே ஒரு துண்டு, அதன் கீழே ஒரு ஆஸ்பத்திரிக் கவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, கவரில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். நோய்தான் என்று முடிவே செய்துவிட்டேன். திரையில் ஏதோ குண்டு வெடித்தது. அந்த வெளிச்சத்தில் உள்ளே இருந்ததை உருவிப் பார்த்தேன். கறுப்புத் தாளில் விசிறி மாதிரி விரிந்த சாம்பல் வெளிச்சம், நடுவில் ஒரு மொச்சைக்கொட்டை. அந்தப் படத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். முதல் தடவை மகள் காட்டியது. ஆனால் இதில் மொச்சைக்கொட்டைக்குத் தலை இருந்தது, கை இருந்தது. ஓரத்தில் இருந்த தேதி எண்களைக் கூட்டிப் படித்தேன். முந்தாநாள் எடுத்த படம். எல்லாவற்றையும் உள்ளே வைத்து, துண்டை மேலே போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு, குண்டு வெடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்ததற்கு அது போதுமான காரணம்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பையை வாங்கிக்கொண்டார். "சம்பந்தி" என்றேன். "படத்தப் பாருங்க" என்றார். எனக்கு உள்ளே கோபம் ஏறியது. பெற்றவள் நான். எனக்குச் சொல்லாமல் இவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். இவரும் என்னிடம் வெயில் என்றார், வெள்ளையடிப்பு என்றார். வெளியே போனதும் நன்றாக நாலு வார்த்தை கேட்பது என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்து வைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு உண்மை வெளியே வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை நாளும் திட்டு வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல், மிச்சமிருந்தவர்களை ஒளித்து வைத்திருந்தது அவர்தான். பெயர்கள் வெளியே போனது அந்தச் சிரித்த முகக்காரனால். காசுக்காக இல்லை, பகைக்காக இல்லை. தன் சிநேகிதன் எவ்வளவு பெரிய ஆள் என்று ஒரு டீக்கடையில் பெருமையாகப் பேசியிருக்கிறான். அவ்வளவுதான். பக்கத்து மேசையில் இருந்தவன் கேட்டுவிட்டான். அது தெரியவந்து சிரித்த முகக்காரன் தன் தலையில் அடித்துக்கொண்டபோது தியேட்டரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மாவும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அன்றைக்கே அவரோடு உறவை முறித்திருப்பேன். கோத்து வைத்திருந்த நாலு வார்த்தையும் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். நிலக்கோட்டை பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

"வெள்ளையடிப்பு எப்பங்க முடியும்?" என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மாசம் ஆகும். செவுரு நல்லாக் காயணும்ல."

"அவசரப்படாதீங்க. நல்லாக் காயட்டும்" என்றேன்.

நான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில்லை, பாம்பு கடித்ததில்லை. ஆனால் அந்த இரண்டு மாதம் பட்ட பாட்டை வேறு எதோடும் வைத்துச் சொல்லத் தெரியவில்லை. பூக்கட்ட உட்கார்ந்தால் தொண்டைக்குழியில் அந்தச் சேதி வந்து நின்றுகொள்ளும். எதிர்வீட்டு மதினி என்னையே உற்றுப் பார்ப்பாள். "என்னத்தா, வாயில பூவ வச்சிருக்கியா? மகள பாத்தியா இல்லையா?" "பாக்கல. படந்தான் பாத்தேன்." "அப்ப படக்கதையவாச்சும் சொல்லு." ஒரே படத்தின் கதையை அந்த இரண்டு மாதமும் சொன்னேன். சண்டைக்காட்சிகளை நானாக நாலைந்து சேர்த்தேன். கப்பலோடு ரயிலும் வெடித்தது. கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் எங்கேயோ கடன் வாங்கிவிட்டு மறைக்கிறேன் என்று. மறுக்கவில்லை. கடன்காரி என்று பெயரெடுப்பது சுலபமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தூக்குச்சட்டி வந்தது. மூடியில் இடப்பக்கம் விழுந்த கண்ணி. நான் நுனியை இழுக்காமல் கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே கேசரி. சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அம்மா, ஒரு விசயம். சத்தம் போடாத." நான் சத்தம் போட்டேன், ஆச்சரியப்பட்டேன், அழுதேன். அழுகை மட்டும் நடிப்பில்லை. நான் மூக்கைச் சிந்தி முடித்ததும் கேட்டாள், "ஏம்மா, ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" "எனக்கெப்பிடித்தா தெரியும், என்ட்ட யாரு என்னத்தச் சொல்றீங்க?" என்றேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரிப்பு. அவள் நம்பினாளா என்று இன்று வரை எனக்குச் சந்தேகம்தான்.

பேத்தி இப்போது பால்வாடிக்குப் போகிறாள். பையை வேண்டுமென்றே வைத்தாரா என்று சம்பந்தியம்மாவிடம் எத்தனையோ தடவை சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறேன். மருமகளுக்கு வாயால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் ஊக்கு எங்கே போனது? சினிமாவுக்கு வருகிறவர் ஸ்கேன் கவரை எதற்காகத் தூக்கி வர வேண்டும்? "எந்தப் பை?" என்பார். அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடாது. கல்லு முடிச்சு.

போன வாரம் மூன்றாம் பாகம் வந்தது. இந்தத் தடவை நான்தான் அவரைக் கூப்பிட்டேன். ஒரு பையும் எடுத்துப் போனேன், புதுசு, ஜிப் முழுத் தூரமும் ஓடும். இரண்டு மாதமாக எனக்கு மாடிப்படி பாதியிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. எங்கள் ஊர்ப் பக்க டாக்டர் கேட்டுப் பார்த்துவிட்டு, திண்டுக்கல்லில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில், வெறும் வயிற்றோடு, துணைக்கு ஒரு ஆளோடு வர வேண்டுமாம். மகளிடம் சொன்னால் போன மாதம் சேர்ந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். மதினியிடம் சொன்னால் நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மார்க்கெட்டில் எனக்கு மாலை கட்டிவிடுவார்கள். சொல்வதற்குத்தான் இத்தனை நாளும் வாய் இருந்தது, இதைச் சொல்ல அது வரவில்லை.

படத்தில் ஒரு கார் பறக்கத் தொடங்கியதும் எழுந்தேன். "செத்த நேரம் வச்சிருங்க சம்பந்தி" என்று பையை அவர் மடியில் வைத்தேன். டாக்டர் சீட்டை மேலாக வைத்து, ஜிப்பை ஒரு சாண் திறந்துவிட்டிருந்தேன். பாத்ரூமுக்கு வெளியே சுவரில் சாய்ந்து, தேவைக்கு மேலேயே நின்றேன். திரும்பி வந்தபோது பை அப்படியே அவர் மடியில் இருந்தது. ஜிப் முழுக்க மூடியிருந்தது. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தடவ எவென்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன். "படத்தப் பாருங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது தன் பழைய ரெக்சின் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

"திங்கக்கெழம வெள்ளென இதே எடத்துல நிப்பேன். ஒண்ணும் சாப்புடாம வாங்க."